கதை எழுத ஏழாம் நிலை வரை காத்திருக்க வேண்டுமா?

இந்தோனேசிய மொழி எளிது என்று பெயர் வாங்கிவிட்டது. லத்தீன் எழுத்து, காலத்துக்கேற்ப உருமாறாத வினைச்சொல், ஆண்பால் பெண்பால் தொல்லை இல்லாத பெயர்ச்சொல். 2023-இல் யுனெஸ்கோ பொது மாநாட்டின் அலுவல் மொழிகளில் ஒன்றாகவும் ஆனதில் அதன் மதிப்பு கூடியிருக்கிறது. வெளிநாட்டவருக்கு அதைக் கற்பிக்கும் 'பிபா' பாடத்திட்டத்துக்கு ஏழு நிலைகள் உண்டு. சிறுகதை எழுதுவதெல்லாம் மேல்நிலை மாணவருக்கான ஆடம்பரம் என்று நினைக்கும் ஆசிரியர்கள், எளிமை எங்கே முடிகிறது என்பதைக் கவனிப்பதில்லை. இரண்டாம், மூன்றாம் நிலையிலேயே மாணவரைக் கதை எழுத வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

அந்த மொழியின் கடினம் இலக்கணத்தைவிட உறவுமுறையில் இருக்கிறது. பாடநூல் 'அண்டா' என்ற மரியாதை முன்னிலையைக் கற்றுத் தருகிறது. ஆனால் வீட்டில் அதைச் சொன்னால் அலுவலகக் கடிதம் பேசுவதுபோல் ஆகிவிடும். ஜாவாவில் மனைவி கணவனை 'மாஸ்' என்கிறாள். ஜகார்த்தா இளைஞர்கள் தங்களுக்குள் 'குவே' (நான்), 'லு' (நீ) என்கிறார்கள். பெரியவர்களை 'பாபக்', 'இபு' என்று அழைக்கிறார்கள். யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று தெரியாத தனி வாக்கியத்தில் இதைப் பழக முடியாது. வினையிலும் இதே கதைதான். 'மெ' முன்னொட்டு செய்பவரை முன்னிறுத்தும், 'டி' செய்யப்படுவதை முன்னிறுத்தும். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் பயிற்சியை மாணவர் நூறு முறை செய்தாலும் எப்போது எதை எடுப்பது என்று தெரியாது. சம்பவங்களை அடுக்கிச் சொல்லும்போதுதான் அந்தத் தேர்வு கட்டாயமாகிறது. பாடநூல் மொழியும் வீட்டுப் பேச்சும் இப்படி விலகி நிற்பதன் அவஸ்தை தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சொல்வளம் போதாதே என்பார்கள். அரைப்பக்கக் கதைக்குச் சில நூறு சொற்கள் போதும், முன்மாதிரிக்கும் பஞ்சமில்லை. இந்தோனேசியாவில் சிறுகதை நாளிதழில் வாழ்கிறது. 'கொம்பாஸ்' நாளிதழின் ஞாயிறு கதைகளிலிருந்து தேர்ந்தவை 1992 முதல் தொகுப்புகளாக வருகின்றன. இந்தோனேசிய எழுத்தாளர் உமர் கயாமின் மன்ஹாட்டன் கதை பெரும்பாலும் ஓர் இந்தோனேசிய ஆணும் அமெரிக்கப் பெண்ணும் பேசிக்கொள்வதுதான். உரையாடலை மட்டும் வைத்துக் கதை நகர்த்த அது போதிய பாடம்.

கதைக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்ற கேள்வி நியாயமானது. ரசனைக்கு மதிப்பெண் போட வேண்டியதில்லை. விளிச்சொல் கடைசி வரை பொருந்துகிறதா, வினையின் முன்னொட்டு சம்பவத்துக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். திருத்தும் வேலை ஆசிரியருக்குக் கூடும். அதை மறுக்க முடியாது. வாரம் ஒரு கதை அதிகம் என்றால் மாதம் ஒன்று என்று குறைத்துக்கொள்ளட்டும், ஏழாம் நிலைக்குத் தள்ளிப்போட வேண்டாம்.