கோ-கார்ட் ரேஸில் இறங்க ஆசையா? வண்டி வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. கையில் தேசியக் கொடியோடு அவர் நின்ற வீடியோவைப் பார்க்காத தமிழ் செல்போனே இருக்காது. அதற்குச் சில மாதம் முன்பு, 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில், சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலையில் இரவு நேர ஃபார்முலா 4 ரேஸும் நடந்தது.

இந்த இரண்டுக்கும் பிறகு பல வீடுகளில் ஒரே கேள்விதான். "நாமளும் ரேஸ் ஓட்டலாமா? எங்கிருந்து ஆரம்பிக்கிறது?"

ரேஸ் உலகம் சொல்லும் பதில் கோ-கார்ட். சரி, கோ-கார்ட்டுன்னா என்ன? மாலில் பத்து நிமிஷம் ஓட்டுவோமே அதுவா? அதுவும்தான், ஆனால் அது மட்டும் இல்லை. அந்த வாடகை கார்ட்டுக்கும் போட்டி கார்ட்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் தெரியாமல்தான் பலர் பணத்தை விடுகிறார்கள்.

புல்வெட்டி இன்ஜினில் பிறந்த வண்டி

1956-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர், இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து, புல்வெட்டும் இயந்திரத்தின் இன்ஜினை மாட்டி ஓட்டியதுதான் முதல் கோ-கார்ட். அன்று முதல் இன்று வரை அடிப்படை மாறவில்லை. சஸ்பென்ஷன் கிடையாது. சீட் பெல்ட் கிடையாது. கியர்கூட பெரும்பாலான வகைகளில் கிடையாது. வலது காலில் ஆக்சிலரேட்டர், இடது காலில் பிரேக், அவ்வளவுதான்.

வாடகை கார்ட்டில் இருப்பது ஜெனரேட்டரில் வருவது மாதிரியான ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின். 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஆனால் தரையில் இருந்து ஒன்றிரண்டு அங்குல உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் 100-ல் பறக்கிற மாதிரி இருக்கும்.

போட்டி கார்ட் வேற ரகம். உலகம் முழுக்க ஓடும் ரோட்டாக்ஸ் மேக்ஸ் சீனியர் பிரிவை எடுத்துக்கொள்வோம். 125 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின், சுமார் 30 குதிரைத் திறன். கேட்க சின்னதாக இருக்கலாம். ஆனால் அது ஒரு சின்ன ஹேட்ச்பேக் காரின் பாதி பவர், அந்தக் காரின் பத்தில் ஒரு பங்கு எடையில்! 100 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும்.

வேகமா ஓட்டுறது வேற, ரேஸ் ஓட்டுறது வேற

புதுசா ஓட்டுபவர்கள் எல்லாருமே செய்யும் தப்பு ஒன்று உண்டு. வளைவில் வண்டியின் பின்பக்கத்தை 'சர்ர்ர்' என்று வழுக்கவிட்டு ஓட்டுவது. பார்க்க செம மாஸ். வேலியோரம் நிற்கும் நண்பர்கள் கைதட்டுவார்கள். ஆனால் டைமிங் போர்டைப் பார்த்தால் நேரம் குறைந்திருக்காது, கூடியிருக்கும்.

ஏன்? சாதாரண கார் வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் ஓடும், வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடும். இந்த வித்தியாசத்தைச் சமாளிக்க காரில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. கார்ட்டில் அது இல்லை. பின்சக்கரம் இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் இறுகப் பூட்டப்பட்டவை, இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அப்படியே விட்டால் வண்டி திரும்பாது, நேராகத்தான் போகப் பார்க்கும்.

அதனால் கார்ட் ஒரு தந்திரம் செய்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரங்களின் சாய்வாலும், சேசிஸ் லேசாக முறுக்கிக்கொள்வதாலும், உள்பக்கப் பின்சக்கரம் தரையில் இருந்து மயிரிழை அளவு எழும்பும். அந்த நொடியில் வண்டி மூன்று சக்கரத்தில் திரும்புகிறது. வளைவு முடியும்போது சக்கரம் மீண்டும் தரையைத் தொட வேண்டும், அப்போதுதான் முழு சக்தியும் ரோட்டில் இறங்கும்.

இந்த எழும்பல், இறங்கலை சரியான நேரத்தில் நடக்க வைப்பதுதான் கார்ட் ஓட்டும் கலையே. நேர்க்கோட்டில் பிரேக், பிறகு ஒரே சீரான திருப்பல், வெளியே வரும்போது முழு ஆக்சிலரேட்டர். வளைவுக்குள் கொஞ்சம் மெதுவாகப் போனவர் வெளியே வேகமாக வருவார். ஸ்டியரிங்கைப் போட்டு ஆட்டினால் இந்தக் கணக்கு மொத்தமும் கெட்டுப்போகும்.

சீட் இருக்கும் இடம் ஒரு சென்டிமீட்டர் தள்ளினால்கூட வண்டியின் குணம் மாறுவது இதனால்தான். டிரைவர்தான் கார்ட்டின் கனமான பாகம்! போட்டியில் டிரைவரையும் சேர்த்துத்தான் குறைந்தபட்ச எடை பார்ப்பார்கள். ஒல்லியானவர் ஈயக் கட்டிகளை சீட்டில் போல்ட் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டும். எடை கூடியவருக்கு அப்படி ஒரு வழியும் இல்லை, டயட்தான்.

சரி, செலவு எவ்வளவு ஆகும்?

எல்லாரும் நேராக இங்கேதான் ஸ்க்ரோல் செய்திருப்பீர்கள், தெரியும்.

வாடகை கார்ட்டில் ஒரு முறை ஓட்ட, ஊரையும் டிராக்கையும் பொறுத்து சில நூறு ரூபாயில் இருந்து ஆயிரம் சொச்சம் வரை. போட்டி கார்ட் என்றால் சேசிஸும் இன்ஜினும் பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்து வருபவை. புதுசாக வாங்கினால் பல லட்சம்.

ஆனால் உண்மையான செலவு வண்டியில் இல்லை. இதைத்தான் யாரும் முதலிலேயே சொல்வதில்லை. ரேஸ் டயர் மென்மையான ரப்பர். ஓட ஓட பிடிப்பு குறையும். ஒரு வார இறுதிப் போட்டிக்கு ஒரு புது செட், பயிற்சிக்கு வேறு. டூ ஸ்ட்ரோக் இன்ஜினைக் குறிப்பிட்ட மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்து பிஸ்டன் மாற்ற வேண்டும். செயின், ஸ்ப்ராக்கெட், பிரேக் பேட், மெக்கானிக் சம்பளம், டிராக் கட்டணம், என்ட்ரி ஃபீஸ், வெளியூர் என்றால் லாட்ஜும் வண்டி ஏற்றும் கூலியும். யாரோ பின்னால் வந்து இடித்து ஆக்சில் வளைந்தால், அதுவும் நம்ம கணக்குதான்.

இதையெல்லாம் கூட்டினால், தேசிய அளவிலான ஒரு முழு சீசன் பத்து லட்சத்தை எட்டுவது சாதாரணம். ஹாபி என்ற வார்த்தை இந்த இடத்தில் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

அதனால் எங்கள் கருத்து இது: முதல் வருஷம் கார்ட் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் கால்வாசியை வைத்து வாடகை கார்ட்டில் மாதம் நாலு முறை ஓட்டுங்கள். டிராக் நடத்தும் வாடகை கார்ட் போட்டிகள் இருந்தால் சேருங்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி, குலுக்கல் முறையில் ஒதுக்குவார்கள். அங்கே ஜெயிப்பவர் பணத்தால் ஜெயிப்பதில்லை.

எப்போது அடுத்த கட்டம்? பத்து லேப் ஓட்டினால் பத்தும் ஒன்றுக்கொன்று இரண்டு, மூன்று பத்தில் ஒரு நொடிக்குள் இருக்க வேண்டும். ஒரே ஒரு லேப் பிரமாதமாகப் போய், மற்றது எல்லாம் சொதப்பினால் இன்னும் நேரம் இருக்கிறது. அந்தச் சீர் வந்த பிறகும் உடனே வாங்க வேண்டியதில்லை. அணிகளிடம் வண்டியை வாடகைக்கு எடுத்து, மெக்கானிக்கோடு சேர்த்து ஒரு வார இறுதி ஓட்டிப் பார்க்கும் வசதி உண்டு.

எங்கே ஓட்டலாம்? லைசென்ஸ் வேணுமா?

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அதிர்ஷ்டம். இந்திய மோட்டார் ரேஸின் தாய்வீடே இங்கேதான். சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில் ஒரு காலத்தில் ரேஸ் நடந்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் வந்தது. அதே வளாகத்தில் இப்போது சர்வதேசத் தரத்தில் தனி கார்ட்டிங் டிராக்கும் இருக்கிறது. மறைந்த ரேஸர் கரிவரதனின் பெயரைத் தாங்கிய காரி ஸ்பீட்வே கோவை செட்டிபாளையத்தில் இருக்கிறது. பெங்களூருவில் மெக்கோ கார்ட்டோபியா.

கார்ட் ஓட்ட டிரைவிங் லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் தேசியப் போட்டியில் கலந்துகொள்ள எஃப்.எம்.எஸ்.சி.ஐ எனப்படும் இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்களின் கூட்டமைப்பு தரும் போட்டி லைசென்ஸ் வேண்டும். மருத்துவச் சான்று கேட்பார்கள், 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். லைசென்ஸ் கிடைத்ததும் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது கொடிகளை. மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. நீலம் என்றால் பின்னால் வேகமானவர் வருகிறார், வழிவிட வேண்டும். சிவப்பு என்றால் ரேஸ் நிறுத்தம்.

காசே இல்லாமல் ரேஸுக்குள் போகவும் ஒரு வழி இருக்கிறது. அந்தக் கொடியைப் பிடித்து நிற்கும் மார்ஷல் வேலை. தன்னார்வலர்களை கிளப்கள் சேர்த்துக்கொள்கின்றன. வளைவில் நின்று ஒரு நாள் முழுக்க முப்பது பேர் எப்படித் திரும்புகிறார்கள் என்று பார்த்தால், ஓட்டிக் கற்றுக்கொள்வதில் பாதி வந்துவிடும். வெயில்தான் கொஞ்சம் படுத்தும்.

கூந்தல், துப்பட்டா, விலா எலும்பு

இதை மட்டும் ஸ்கிப் பண்ணாதீங்க.

2018-ல் ஹரியானாவின் பிஞ்சோரிலும், 2020-ல் ஹைதராபாத்திலும் வாடகை கார்ட்டில் பொழுதுபோக்காகப் போன பெண்கள், கூந்தல் வண்டியின் சுழலும் பாகத்தில் சிக்கி உயிரிழந்தார்கள். இரண்டு பேரும் ரேஸ் ஓட்டப் போனவர்கள் இல்லை, குடும்பத்தோடு, நண்பர்களோடு ஜாலியாகப் போனவர்கள். கார்ட்டில் இன்ஜினும் ஆக்சிலும் சீட்டுக்குப் பக்கத்திலேயே, முதுகுக்குப் பின்னாலேயே சுற்றுகின்றன. நீள முடி என்றால் கொண்டை போட்டு, தலையுறைக்குள் சொருகி, அதன் மேல் ஹெல்மெட். துப்பட்டா, மஃப்ளர், தொங்கும் கயிறு எதுவுமே கூடாது. ஆக்சிலுக்கும் செயினுக்கும் மூடி இல்லாத கார்ட்டைக் கொடுத்தால், கொடுத்த பணம் போனாலும் பரவாயில்லை, இறங்கி வந்துவிடுங்கள்.

போட்டிக்குப் போகிறவர்களுக்கு வேறு கவனம் தேவை. கார் ரேஸ் உடை தீயில் இருந்து காப்பாற்றுவதற்கானது. கார்ட் ரேஸ் உடை தரையில் உரசுவதில் இருந்து காப்பாற்றுவது. சீட் பெல்ட் இல்லாததால் விபத்தில் டிரைவர் வண்டியில் இருந்து வெளியே வீசப்படுவார், தார் ரோட்டில் வழுக்கிக்கொண்டு போவார். அதனால் அந்தத் துணி தடிமனாக இருக்கும். ஹெல்மெட்டிலும் ஸ்னெல் அமைப்பு கார்ட்டிங்குக்கென்றே 'கே' தரம் வைத்திருக்கிறது. சிறுவர்களின் கழுத்துக்கு எடை குறைந்த தனி ஹெல்மெட் உண்டு, அப்பாவின் பைக் ஹெல்மெட் ஆகாது.

முதலில் வாங்க வேண்டியது எது என்று கேட்டால், விலா எலும்புக் கவசம். சஸ்பென்ஷன் இல்லாத வண்டியில் ஒவ்வொரு வளைவிலும் விலா சீட்டின் விளிம்பில் போய் மோதும். ஒரு நாள் ஓட்டிவிட்டு இரண்டு வாரம் தும்மக்கூட முடியாமல் தவிக்கும் ஆட்கள் கார்ட்டிங்கில் நிறைய.

பையனை எஃப்1-க்கு அனுப்பலாமா?

இது பெற்றோர்களுக்கு. இந்தியாவில் இருந்து ஃபார்முலா 1 ரேஸ் ஓட்டியவர்கள் இதுவரை இரண்டே பேர். கோவையின் நரேன் கார்த்திகேயன், சென்னையின் கருண் சந்தோக். நரேன் முதன்முதலில் போட்டியில் இறங்கியது ஸ்ரீபெரும்புதூரில், ஃபார்முலா மாருதி காரில். பள்ளி வயதின் கடைசியில் ஆரம்பித்து அவரால் 2005-ல் எஃப்1 வரை போக முடிந்தது.

இன்று அந்தக் கதவு அநேகமாக மூடிவிட்டது. 7, 8 வயதில் கார்ட்டில் ஏறி, 12, 13 வயதில் ஐரோப்பாவில் போட்டியிட்டு, 15 வயதில் ஃபார்முலா 4-க்குப் போகிறவர்களோடுதான் உங்கள் பிள்ளை மோத வேண்டும். அந்தப் பாதையில் திறமையோடு கோடிகளும் வேண்டும். வீட்டை அடமானம் வைக்கலாமா என்று யோசிக்கிற அப்பா, முதலில் பையனை ஆறு மாதம் வாடகை கார்ட்டில் விட்டுப் பார்க்கட்டும். பையன் வேகமா இல்லையா என்பதைவிட, தோற்ற அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் "டிராக்குக்குப் போலாம்பா" என்று அவனே எழுப்புகிறானா என்று பாருங்கள்.

பெரியவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. எஃப்1 கனவு காலாவதியான பிறகுதான் கார்ட்டிங் நிஜமான ஹாபி ஆகிறது. ரோட்டாக்ஸில் 32 வயது தாண்டியவர்களுக்கு மாஸ்டர்ஸ் என்று தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். அஜித் துபாயில் மேடை ஏறும்போது வயது 53. ஆனால் அவர் திடீரென்று வந்தவரும் இல்லை. 2003-ல் ஆசிய ஃபார்முலா பிஎம்டபிள்யூ, 2010-ல் ஃபார்முலா 2 என்று முன்பே ஓட்டியவர்.

இந்த ஞாயிறு டிராக்குக்குப் போகிறீர்கள் என்றால் மூன்று விஷயம் கேளுங்கள். லேப் நேரத்தை அச்சிட்டுத் தருவார்களா? வாடகை கார்ட் போட்டி எப்போது? ஆக்சில் மூடி இருக்கிறதா? காலையிலேயே போய்விடுங்கள். மதியம் டயர் சூடேறி டிராக்கின் பிடிப்பே மாறிவிடும், உங்கள் நேரத்தை அடுத்த வாரத்தோடு ஒப்பிட முடியாது. மெல்லிய அடிப்பாகம் உள்ள இறுக்கமான ஷூ போட்டுக்கொள்ளுங்கள். செருப்போடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.