கார்புரேட்டர் போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் பவுடர் பூசுங்க

"சார், கார்புரேட்டர் போயிடுச்சு. புதுசு போட்டுடலாம்."

ஸ்ரீராம்புரத்துல பழைய மாருதி 800 வெச்சிருக்கறவங்க பல பேருக்கு இந்த வசனம் மனப்பாடம். பானெட்டைத் திறப்பாங்க, மோந்து பாப்பாங்க, தீர்ப்பு வந்துடும். விசாரணையே கிடையாது. மூக்கு ஒழுகுதுன்னு போனவனுக்குத் தலையையே மாத்தச் சொல்ற டாக்டரை எங்கயாவது பாத்திருக்கீங்களா?

பெட்ரோல் ஒழுகுதுன்னா எங்கேர்ந்து ஒழுகுதுன்னு முதல்ல பாக்கணும். அதுக்குப் பெரிய படிப்பெல்லாம் வேணாம். என்ஜின் நல்லா ஆறட்டும். கார்புரேட்டரை வெளிப்பக்கம் துடைச்சுக் காயவெச்சு, மூடி சேர்ற இடம், ஹோஸ் மாட்டற இடம், பக்கவாட்டு டயஃப்ரம் மூடி எல்லாத்துலயும் வெள்ளை பவுடரை லேசா பூசுங்க (பாப்பாவுக்குப் பூசற அதே பவுடர்தான்). இக்னிஷன் காயிலுக்கு வர்ற சின்ன வயரைக் கழட்டிட்டு செல்ஃப் அடிங்க. பெரிய வயரைக் கழட்டித் தொங்கவிடாதீங்க, தீப்பொறி பறக்கும், அப்புறம் ஒழுகறதுக்கு வண்டியே இருக்காது. எந்த இடத்துப் பவுடர் முதல்ல நனையுதோ, திருடன் அங்க இருக்கான்.

ஹோஸ் முனையில நனைஞ்சா ஹோஸும் கிளிப்பும். ஆக்ஸிலேட்டரை அமுக்கும்போது மட்டும் பக்கவாட்டுல கசிஞ்சா ஆக்ஸிலேட்டர் பம்ப் டயஃப்ரம். வெளியில எல்லாம் காய்ஞ்சே இருக்கு, ஆனா ஐடில்ல ஓடும்போது ஏர் கிளீனரைக் கழட்டி உள்ள பாத்தா தொண்டைக்குள்ள சொட்டுதுன்னா, அது ஓவர்ஃப்ளோ. மொட்டைமாடி டேங்க்ல பால் வால்வு மூடலைன்னா தண்ணி வழியற அதே கதை. ஊசி வால்வுல தூசி மாட்டியிருக்கும், இல்ல ஃப்ளோட் ஓட்டையாயிருக்கும். ஃப்ளோட்டைக் காதுகிட்ட வெச்சு ஆட்டுங்க. உள்ள சலசலன்னா அதுக்குள்ள பெட்ரோல் புகுந்துடுச்சு. என்ஜின் ஆயில்லயே பெட்ரோல் வாசனை வந்தா ஃபியூவல் பம்ப் டயஃப்ரம் கிழிஞ்சிருக்கலாம். கார்புரேட்டர் பாவம், நிரபராதி!

ஆக, பெரும்பாலும் போறது ஒரு ரப்பரோ கேஸ்கெட்டோதான். அதுக்கு மொத்த கார்புரேட்டரையும் தூக்கிப் போட்டு, எங்க செஞ்சதுன்னே தெரியாத டூப்ளிகேட்டை மாட்டறது அநியாயம். அம்பாஸடர் மாதிரி வண்டியில எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் கார்புரேட்டர் இருக்கற பக்கத்துலயேதான் இருக்கு. சொட்டற பெட்ரோலுக்கும் சுடற இரும்புக்கும் நடுவுல இருக்கறது நம்ம அதிர்ஷ்டம் மட்டும்தான்.

மெக்கானிக்கை மட்டும் திட்டினா அது பாதி நியாயம்தான். பல வருஷம் உழைச்ச ரப்பர் இப்ப ஏன் சீக்கிரமே ஊதி, வெடிச்சுப் போகுது? 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலை 2023 பிப்ரவரியில அறிமுகப்படுத்தினது இதே பெங்களூர்லதான். இப்ப பங்க்குல சாதாரண பெட்ரோல்னா அதான். எத்தனால் பழைய ரப்பரையும் கார்க்கையும் பதம் பாக்கும். ஈரத்தை இழுக்கும். டேங்க்ல வருஷக்கணக்கா படிஞ்ச அழுக்கையும் கரைச்சு ஊசி வால்வுக்கு அனுப்பி வைக்கும்.

இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. 2021-ல நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே, பழைய வண்டிகளுக்காக 10 சதவீத பெட்ரோலும் கிடைக்கணும்னு சொல்லிச்சு. கிடைச்சுதா? 2025 ஆகஸ்ட்ல பெட்ரோலிய அமைச்சகம் என்ன சொல்லிச்சு தெரியுமா? சில பழைய வண்டிகள்ல 20,000-30,000 கிலோமீட்டருக்கு அப்புறம் ரப்பர் பாகங்களை மாத்த வேண்டி வரலாம், செலவு கம்மி, சுலபம்னு. கார்புரேட்டர் 800-க்கு நல்ல டயஃப்ரம் கிட் தேடிக் கடை கடையா அலைஞ்சவங்ககிட்ட வந்து இந்த 'சுலபம்'ங்கற வார்த்தையை சொல்லிப் பாருங்க :-) எத்தனால் கலக்காத பெட்ரோலும் விக்கணும்னு கேட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ம் தேதி தள்ளுபடி பண்ணிடுச்சு. கரும்பு விவசாயிக்குக் காசு போகட்டும், நல்லதுதான். அதுக்கு 10 சதவீத பெட்ரோலை ஏன் நிறுத்தணும்?

அதுவரைக்கும் ஹோஸ் வாங்கும்போது மீட்டர் கணக்குல வெட்டித் தர்ற கறுப்பு ட்யூபை வாங்காதீங்க. எஸ்ஏஇ ஜே30 ஆர்9னு மேல அச்சடிச்சிருக்கான்னு பாத்து வாங்குங்க. ஊசி வால்வு நுனியும் டயஃப்ரமும் எத்தனால் தாங்கற ரப்பரான்னு கேளுங்க. "புதுசு போட்டுடலாம்"னு ஆரம்பிச்சா, பவுடர் டப்பாவை நீட்டுங்க.