வியர்வையும் மாத்திரையும்

சூடேற்றிய அறையில் யோகம் பயில்வது பெருநகரங்களில் இன்று புதுமையன்று. கல்கத்தாவில் பிறந்த பிக்ரம் சௌத்ரி 1970களில் அமெரிக்காவில் பரப்பிய முறை இது. 26 ஆசனங்கள், 2 மூச்சுப் பயிற்சிகள், 90 நிமிடங்கள். அறையின் வெப்பம் 40 பாகை செல்சியஸுக்குச் சற்று மேல். ஈரப்பதம் 40 விழுக்காடு.

வெப்பத்தில் தசை எளிதில் நெகிழ்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. மூக்கின் வழியே மூச்சுவிடச் சொல்வதும் நன்றே. வியர்வையைப் பயிற்சியின் அளவுகோலாக்குவதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. அது உடலின் நஞ்சை வெளியேற்றுகிறது என்பது விளம்பர மொழி. வியர்வையில் பெரும்பகுதி நீரும் உப்புமே. கழிவகற்றும் பணி கல்லீரலுக்கும் சிறுநீரகங்களுக்கும் உரியது. இதே ஆசன வரிசையை வெப்ப அறையிலும் சாதாரண அறையிலும் 12 வாரங்கள் பயிற்றுவித்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. இரத்தக் குழாய்களின் விரியும் திறன் இரு சாராரிடமும் மேம்பட்டிருந்தது. அந்நன்மைக்கு வெப்பம் தேவைப்படவில்லை.

ஹடயோகப் பிரதீபிகையும் வியர்வையைப் பேசுகிறது. பிராணாயாமத்தின் உழைப்பால் அரும்பும் வியர்வையை உடலிலேயே தேய்த்துக்கொள்ளச் சொல்கிறது அந்நூல். அங்கே சூடு பிறப்பது மூச்சிலிருந்து.

திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் அம்மூச்சுக்குக் கணக்குத் தருகிறார்: பூரகம் 16 மாத்திரை, கும்பகம் 64, இரேசகம் 32. தமிழ் படித்தவர்களுக்கு மாத்திரை புதிய சொல்லன்று. கண் இமைக்கும் பொழுது, கை நொடிக்கும் பொழுது என்று தொல்காப்பியர் எழுத்தை அளந்த அதே அளவு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. எழுத்தொலியை அளந்த சொல்லாலேயே மூச்சையும் அளந்திருக்கிறார்கள் நம் முன்னோர்.

வெப்ப அறையில் இடர்ப்படுவது இந்தக் கணக்குத்தான். உடலைக் குளிர்விக்கத் தோலுக்குக் குருதியை அனுப்பவேண்டி இதயம் விரைகிறது; மூச்சும் உடன் விரைகிறது. மூச்சை நீட்டி நிதானிக்கப் பழகவேண்டிய இடத்தில், அதை விரட்டும் சூழலை நாமே விலை கொடுத்து வாங்குகிறோம்.

எனினும் விரும்பிச் செல்வோரைத் தடுப்பதற்கில்லை. அவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: மூச்சு சிதறும் கணத்தில் ஆசனத்தை விட்டு அமர்ந்துவிடுங்கள். அதைத் தோல்வி என்று ஆசிரியர் கருதுவாரானால், அவர் கற்பிப்பது நல்ல உடற்பயிற்சியாக இருக்கலாம், யோகம் அன்று.