பத்து மூட்டையா, நாலு மூட்டையா?

முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இரண்டரை ஏக்கர் சம்பா. மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து பேர் உள்ள வீடு. ஒரு கறவை மாடு, ஒரு கன்று. அறுவடை முடிந்ததும் நெல் மொத்தமும் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. ஆண்டு முழுக்க அரிசி கடையில்தான். கஜா புயலின்போது சாலையோரம் நின்று நிவாரணச் சாப்பாடு வாங்கியதை அவருடைய மாமியார் இன்றும் மறக்கவில்லை. "நெல்லு வெளையற வூட்டுல சோத்துக்குக் கை நீட்டுனோமே" என்று மழைக்காலம் வந்தாலே சொல்கிறாராம். அதனால் இந்தத் தையில் பத்து மூட்டை நெல்லை நிறுத்தி வைக்கலாம் என்பது வாசகியின் எண்ணம். கணவருக்கு விருப்பமில்லை. "ரேஷன்ல 20 கிலோ வருது. நகை பேங்குல இருக்கு, வட்டி ஓடுது. இதுல எலிக்கு எதுக்குச் சோறு போடணும்?" என்கிறார். யார் சொல்வது சரி என்பது கேள்வி.

மாமியார் சொல்வதுதான் சரி. ஆனால் பத்து மூட்டை தேவையில்லை, நாலு போதும். கணவர் சொல்லும் இரண்டு காரணங்களிலும் நியாயம் உண்டு என்பதால் கணக்கைப் போட்டே பார்க்கலாம்.

ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு இரண்டு கிலோ அரிசி, மாதத்துக்கு 60 கிலோ. 60 கிலோ நெல் மூட்டை ஒன்றை அரைத்தால் சுமார் 38 கிலோ அரிசி கிடைக்கும். நாலு மூட்டையில் 150 கிலோ. ரேஷன் அரிசி ஒரு மணி கூட வராவிட்டாலும் இரண்டரை மாதம் வீட்டுச் சாப்பாடு நடக்கும். எந்தப் புயலுக்கும் இதற்கு மேல் தேவைப்படாது. கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாலு மூட்டையின் விலை 6,000 ரூபாய். அந்தப் பணத்தை நகைக்கடனில் கட்டாமல் விட்டதால் ஏறும் வட்டி, ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால், ஒன்பது மாதத்துக்கு 540 ரூபாய். இதே பத்து மூட்டை என்றால் 15,000 ரூபாய் முடங்கும், வட்டி 1,350 ரூபாய். முதல் கணக்கை ஒரு சிறு விவசாயி வீடு தாங்கும். இரண்டாவது கணக்கில் கணவர் முகம் சுளிப்பதில் தவறில்லை. நெல் எப்படியும் சாப்பிடத்தான் போகிறது. கடையில் வாங்கும் அரிசி அந்த அளவுக்குக் குறையும். ஆகவே 6,000 ரூபாயும் செலவு அல்ல. வட்டி 540 ரூபாயும், நெல்லை வேக வைத்து அரைக்கும் கூலியும்தான் உண்மையான செலவு.

நெல்லை நிறுத்துவது மட்டும் போதாது என்பது கஜா காட்டிய பாடம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் அந்தப் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. உள்கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. மின்சாரம் இல்லாத ஊரில் அரவை மில் ஓடாது. மழைக்காலத்தில் நெல்லை அவித்துக் காயப்போட வெயிலும் கிடையாது. அப்போது பத்தாயம் நிறைய நெல் இருந்தாலும் உலையில் போட அரிசி இருக்காது. உரலும் உலக்கையும் இருந்த காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. இன்று உரல் பல வீடுகளில் வாசலில் கவிழ்ந்து கிடக்கிறது; பத்தாயப் பலகை கட்டிலாகிவிட்டது.

எனவே நாலு மூட்டையில் இரண்டை ஆவணிக் கடைசியிலோ புரட்டாசி முதலிலோ, வெயில் இருக்கும்போதே அவித்துக் காயவைத்து அரைத்துவிட வேண்டும். 75 கிலோ அரிசி ஐப்பசி பிறக்கும்முன் வீட்டில் தயாராக இருக்கும். மீதி இரண்டு மூட்டை நெல்லாகவே இருக்கட்டும். உமி இருக்கும்வரை பூச்சி எளிதில் உள்ளே போகாது. அரிசியாக்கிவிட்டால் சில மாதங்களில் மூக்கு வண்டு வந்துவிடும். அதனால்தான் தையிலேயே மொத்தத்தையும் அரைத்து வைப்பது கூடாது. புழுங்கல் அரிசி பச்சரிசியைவிட அதிக நாள் தாங்கும். தவிடு நீக்காத அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், ஆகவே சேமிப்புக்கு அது வேண்டாம்.

வாசகி பயிரிடுவது சி.ஆர்.1009. மொத்த ரகம், இட்லிக்கு அருமை, சோற்றுக்கு வீட்டில் யாரும் விரும்புவதில்லை என்றும் எழுதியிருக்கிறார். நெல் முழுவதும் விற்பனைக்குப் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான். அடுத்த சம்பாவில் வயலின் ஒரு மூலையில் வீட்டார் விரும்பிச் சாப்பிடும் ரகத்தை, உதாரணமாக பி.பி.டி.5204, தனியாக நடலாம். ஏக்கருக்கு 30 மூட்டை என்றாலும் 14 சென்ட் நிலத்தில் நாலு மூட்டை கிடைக்கும். சாப்பிடப் பிடிக்காத அரிசியைச் சேமித்தால் அது கடைசியில் கோழிக்குத்தான் போகும்.

இனி எலி, வண்டு. கணவரின் பயம் இங்கேதான் நிஜமானது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் வரை நெல்லை எடுத்துக்கொள்வார்கள். அதே நெல்லை வீட்டில் எட்டு மாதம் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், வண்டும் விழும். வீட்டுச் சேமிப்புக்கு 12, 13 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது. களத்தில் இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் கிளறிக் காயவைத்தால் அந்த அளவுக்கு வந்துவிடும். ஈரமானி இல்லாத வீட்டில் ஒரு எளிய சோதனை உண்டு. வறுத்து ஆறவைத்த உப்பு ஒரு பிடி, நெல் இரண்டு பிடி, இரண்டையும் உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி, நன்றாகக் குலுக்கிப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். உப்பு பாட்டிலின் உள்பக்கம் ஒட்டினால் இன்னும் காய வேண்டும். ஒட்டவில்லை என்றால் ஒரு வெயில் கூடுதலாகக் காட்டிவிட்டு எடுத்து வைக்கலாம். சூடு முழுவதும் ஆறிய பிறகே பாத்திரத்தில் கொட்ட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துவிடும்.

பாத்திரத்துக்கு 200 லிட்டர் பீப்பாய், தகரமோ பிளாஸ்டிக்கோ, இறுக்கமான மூடியோடு இருந்தால் போதும். ஒன்றில் கிட்டத்தட்ட இரண்டு மூட்டை நெல் பிடிக்கும். மருந்து, அமிலம், பெயின்ட் இருந்த பீப்பாய் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் உணவுக்கு ஆகாது. வாய்வரை நிரப்பி மூடினால் உள்ளே காற்று குறைவாக இருக்கும், பூச்சி பெருகாது. இதே முறையில் வேலை செய்யும் காற்றுப் புகாத பல அடுக்குப் பைகளும் இப்போது கிடைக்கின்றன. ஆனால் எலி கடித்து ஒரு ஓட்டை விழுந்தால் பை வீண். அதனால் பையையும் பீப்பாய்க்குள் வைப்பதே நல்லது. நெல்லோடு காய்ந்த வேப்பிலை, நொச்சி இலை, வசம்புத் துண்டு போடுவது பழைய வழக்கம், போடலாம். ஆனால் ஈர நெல்லை வசம்பு காப்பாற்றாது.

இங்கே ஒரு எச்சரிக்கையைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். நெல்லுக்கு நடுவே வைக்கும் "கேஸ் மாத்திரை", அதாவது அலுமினியம் பாஸ்பைடு, ஆள் குடியிருக்கும் வீட்டுக்குள் எந்தக் காரணத்துக்காகவும் வரக் கூடாது. ஈரக்காற்று பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்ற விஷ வாயு வெளியாகும். தூங்கும் அறையில் வைத்த மாத்திரையால் பிள்ளைகள் இறந்த செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. கிடங்குகளில் பயிற்சி பெற்றவர்கள் மட்டும் பயன்படுத்த வேண்டிய பொருள் அது. கடையில் யாராவது தாளில் மடித்துக் கொடுத்தால் வாங்க வேண்டாம். நாலு மூட்டை நெல்லில் இரண்டு மூட்டையை வண்டு தின்றாலும் நஷ்டம் 3,000 ரூபாய்தான்.

பீப்பாயை எங்கே வைப்பது? வெள்ளத்துக்கு உயரம் வேண்டும், புயலுக்குத் தாழ்வு வேண்டும். பரணில் ஏற்றி வைத்தால் ஓடும் ஆஸ்பெஸ்டாஸும் பறக்கும்போது மழை நேராக அதில் இறங்கும். தரையில் வைத்தால் தண்ணீர் ஏறும். வீட்டில் கான்கிரீட் போட்ட அறை ஒன்று இருந்தால் அதில், சுவரை ஒட்டாமல், கல் அடுக்கி இரண்டு அடி உயரத்தில் வைக்கலாம். முன்பு வெள்ளம் எந்தக் கோடுவரை ஏறியது என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும், அதற்கு மேலே மேடை அமைய வேண்டும். கூரை வீடு மட்டும் உள்ளவர்கள் ஐப்பசி தொடங்கும்போதே பீப்பாயை மாடி வீடுள்ள உறவினர் வீட்டில் கொண்டுபோய் வைப்பது உத்தமம்.

அரிசிக்கு அடுத்தது பருப்பு. உளுந்தும் பயறும் முழுதாக இருந்தால் பயறு வண்டு முட்டையிடும். உடைத்துப் பருப்பாக்கினால் அந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். முழுப் பயறாகவே வைக்க வேண்டுமானால் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெய் பூசி வைக்கலாம். அவல், பொட்டுக்கடலை, வெல்லம் மூன்றும் அடுப்பு எரியாத முதல் இரண்டு நாளுக்கு. புளி, உப்பு, வற்றல், கருவாடு பற்றிக் கடற்கரை ஊர்ப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிலக்கடலையில் பூஞ்சண வாடை அடித்தால் தின்னவும் கூடாது, மாட்டுக்கும் வைக்கக் கூடாது. அந்த நஞ்சு பாலிலும் இறங்கும்.

உண்மையில் கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் சோற்றைவிடத் தண்ணீருக்குத்தான் தவிப்பு அதிகம். மோட்டார் ஓடவில்லை, மேல்நிலைத் தொட்டி காலி. ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்து தொட்டியை நிரப்ப வேண்டியிருந்தது. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழு லிட்டராவது வேண்டும். ஐந்து பேருக்கு மூன்று நாள் என்றால் நூறு லிட்டருக்கு மேல். புயல் எச்சரிக்கை வந்த அன்றே இருக்கிற குடம், அண்டா எல்லாம் நிரப்பி மூட வேண்டும். ஊரில் பழைய அடிபம்பு துருப்பிடித்துக் கிடந்தால் மழைக்கு முன் பழுதுபார்க்கச் சொல்லிக் கிராமசபையில் கேட்பது, எந்த வீட்டுச் சேமிப்பையும்விடப் பெரிய சேமிப்பு. காய்ந்த விறகும் கொட்டாங்கச்சியும் நனையாத இடத்தில் ஒரு வாரத்துக்கு இருக்கட்டும். மாமியாரின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை பதினைந்து நாளுக்கு இருக்கட்டும். டார்ச், பட்டா, சிட்டா, ரேஷன் அட்டை, காப்பீட்டு ரசீது ஒரு பிளாஸ்டிக் பைக்குள்.

மாட்டை மறந்துவிடக் கூடாது. கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு கிலோ வைக்கோல் என்றால் பதினைந்து நாளுக்கு 90 கிலோ. இயந்திர அறுவடை வந்த பிறகு வைக்கோலைக் கட்டாகக் கட்டி வயலிலேயே விற்றுவிடுகிறார்கள், வீட்டில் போர் இல்லை. சில கட்டுகளையாவது மேடான இடத்தில் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டி வைக்க வேண்டும். புயல் இரவில் மாட்டை அவிழ்த்துவிட வேண்டும். கட்டுத்தறியிலேயே நின்றால் அதற்குத் தப்பிக்க வழியில்லை.

சொந்த நெல் இல்லாத கூலிக் குடும்பங்களும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள். அவர்களைக் கடன் வாங்கி மூட்டை அடுக்கச் சொல்வது அநியாயம். பழைய பிடி அரிசி முறை அவர்களுக்குப் பொருந்தும். உலை வைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிடி, சுமார் 50 கிராம், தனி டப்பாவில் போட்டு வந்தால் இரண்டு வேளைக்கு 100 கிராம், மாதம் மூன்று கிலோ. சித்திரையில் தொடங்கினால் புரட்டாசி முடிய 18 கிலோ சேரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டப்பாவில் இருப்பதைச் சமைத்துவிட்டுப் புது அரிசியை அதே அளவு போட்டு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அடியில் இருப்பது வண்டுக்குப் போகும்.

இன்னொரு கேள்வி ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கின. அந்த வெள்ளத்தில் நனைந்த நெல்லையும் அரிசியையும் மனம் வராமல் காயவைத்துச் சாப்பிட்டதாகவும், அது சரிதானா என்றும் ஒருவர் கேட்கிறார்.

கூரை ஒழுகி மழைநீரில் நனைந்த நெல் என்றால் முளை விடும்முன், அன்றைக்கே அவித்துக் காயவைத்துப் பிழைக்க வைக்கலாம். ஆற்று வெள்ளம் அப்படியல்ல. சாக்கடை, செத்த பிராணிகள், கடைகளிலிருந்து கரைந்த பூச்சிமருந்து எல்லாம் அதில் கலந்திருக்கும். அதில் மூழ்கிய அரிசி, மாவு, பருப்பு எதையும் சாப்பிடக் கூடாது. பூஞ்சணம் பிடித்தால் கோழிக்கும் போடக் கூடாது, குழியில் புதைத்துவிட வேண்டும். மூடி இறுக்கமாக இருந்து உள்ளே தண்ணீர் புகாத பீப்பாய், டின் மட்டும் தப்பும். அதையும் வெளிப்புறம் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கழுவி, துடைத்து, காய்ந்த பிறகே திறக்க வேண்டும்.