அன்பு போதும் என்பவர்களுக்கு

குழந்தைகள் நலம் பற்றிய எந்தக் கூட்டத்திலும் தவறாமல் கைதட்டல் வாங்கும் ஒரு பேச்சு உண்டு: "மனசுல அன்பு இருந்தாப் போதும், மத்ததெல்லாம் தானா வரும்." பெற்றோருடன் இருக்க முடியாத குழந்தையைச் சில மாதங்களோ சில ஆண்டுகளோ ஏற்று வளர்க்கும் குடும்பங்களிடம் இதைச் சொல்கிறார்கள். அந்தக் குடும்பங்களுக்குத் துணை நிற்க வேண்டிய ஆற்றுப்படுத்துநர்களிடமும் இதையேதான் சொல்கிறார்கள். அதற்குமேல் கேட்டால் இரண்டு நாள் பயிலரங்கு, ஒரு சான்றிதழ், கடைசியில் ஒரு குரூப் போட்டோ.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தன் 44ஆவது பிரிவில் வளர்ப்புப் பராமரிப்புக்கு இடம் தந்தது. 2024இல் திருத்தப்பட்ட மத்திய அரசு நெறிமுறைகள் தனித்து வாழ்பவர்களும் குழந்தையை ஏற்கலாம் என்கின்றன. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. இனி இப்படிப்பட்ட வீடுகள் பெருகும். பெருக வேண்டும் என்பதுதான் என் விருப்பமும். அதனால்தான் அந்தக் கைதட்டல் பேச்சை உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அன்பு காட்டினால் குழந்தை தானாக ஒட்டிக்கொள்ளும் என்பது அதன் முதல் பகுதி. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி டோசியரும் அவருடைய குழுவினரும் வளர்ப்புத் தாய்மாரிடம் நாட்குறிப்பு எழுதச் சொன்னார்கள். குழந்தை விழுந்தபோது, பயந்தபோது, தாய் வெளியே போய்த் திரும்பியபோது அது என்ன செய்தது, பதிலுக்குத் தாய் என்ன செய்தார் என்று அன்றாடம் குறிக்க வேண்டும். கைக்குழந்தையாக வந்தவை பெரும்பாலும் சீக்கிரம் ஒட்டிக்கொண்டன. ஒரு வயதை நெருங்கியோ தாண்டியோ வந்தவை அடிபட்டாலும் தாயிடம் வராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டன, அல்லது தூக்கியும் அடங்காமல் கத்தின. அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. குழந்தை விலகினால் தாயும் விலகினார்; குழந்தை சீறினால் தாய்க்கும் எரிச்சல் வந்தது. இவர்கள் யாரும் அன்பில்லாதவர்கள் அல்லர். 'என்னைத் தேவையில்லை' என்று ஒரு குழந்தை நாள் முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தால் எந்த மனுஷியும் அப்படித்தான் ஒதுங்குவாள்.

டோசியர் உருவாக்கிய பயிற்சி இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. வாரம் ஒரு மணி நேரம், மொத்தம் பத்து வாரம், பயிற்சியாளர் வீட்டுக்கே வருவார். பாடம் நடத்துவது குறைவு. தாயும் குழந்தையும் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, கண்முன் நடப்பதை அப்போதைக்கப்போது சொல்லிக்கொண்டிருப்பதே முக்கிய வேலை. பையன் மேசை முனையில் முட்டிக்கொள்கிறான். ஒருகணம் தாயைப் பார்க்கிறான். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் பொம்மைக் காரை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் போகிறான். 'கெட்டிக்காரன், அழவே இல்லை' என்று விட்டுவிடத்தான் யாருக்கும் தோன்றும். தாயோ சற்றுத் தயங்கி, எழுந்து போய் முதுகைத் தடவுகிறார். உடனே பயிற்சியாளர், "அவன் உங்களைக் கூப்பிடவில்லை, ஆனாலும் நீங்கள் போனீர்கள். வலித்தால் அம்மா வருவாள் என்று இப்படித்தான் அவனுக்குத் தெரியவரும்" என்கிறார். நல்ல பயிற்சியாளர் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி எதையாவது சுட்டிக்காட்டுவார்.

இதற்குப் பலன் உண்டா? 2012இல் வெளியான ஓர் ஆய்வில் 120 குழந்தைகள். இவர்கள் வளர்ப்பு வீடுகளில் இருந்தவர்கள் அல்லர்; கவனிப்புக் குறைவு பற்றிய புகார்களால் குழந்தைப் பாதுகாப்புத் துறையின் பார்வைக்கு வந்து, பெற்றோருடனேயே இருந்தவர்கள். ஒரு பாதிக் குடும்பங்களுக்கு இந்தப் பயிற்சி. மறு பாதிக்கும் அதே பத்து வாரம் அன்பாகப் பேசும் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஆனால் அவர் குழந்தையின் பேச்சு, அறிவு, உடல் வளர்ச்சி பற்றிச் சொல்லிக்கொடுத்தார். யாரை நம்புவது என்றே புரியாமல் குழம்பி நிற்கும் வகைப் பிணைப்பு இந்த இரண்டாம் பிரிவில் 57 விழுக்காடு. முதல் பிரிவில் 32. வந்து போவதில் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை, கனிவிலும் குறைவிருந்திருக்காது. வேறுபட்டது வந்தவர் செய்த வேலை மட்டும்.

அடுத்தது, நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசினால் என்ன கெட்டுவிடப் போகிறது என்ற வாதம். கெடும்.

வாஷிங்டன் மாநிலத்தில் குற்றம் புரிந்து நீதிமன்றம் வந்த இளையோரின் குடும்பங்களுக்கு ஒரு குடும்ப சிகிச்சை முறையைக் கொண்டுவந்தார்கள். யூட்டா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் அலெக்சாண்டரும் சகாக்களும் 1970களில் வகுத்த முறை அது. மாநிலத்தின் கொள்கை ஆய்வு நிறுவனம் 2004இல் கணக்குப் பார்த்தபோது, எல்லாச் சிகிச்சையாளர்களையும் ஒரே கட்டாகக் கட்டினால் பலன் மங்கலாக இருந்தது. முறையைத் திறமையாகக் கையாண்டவர்கள், கையாளாதவர்கள் என்று பிரித்ததும் படம் மாறியது. திறமையானவர்களிடம் போன இளையோர் மறுபடி பெருங்குற்றத்தில் சிக்குவது 38 விழுக்காடு குறைந்திருந்தது. மற்றவர்களிடம் போனவர்களின் நிலை, இந்தச் சிகிச்சையே கிடைக்காதவர்களைவிட மோசம். அந்த மோசத்தைத் தற்செயல் என்று தள்ளினாலும், குடும்பத்தின் நேரமும் நம்பிக்கையும் போனது போனதுதான்.

இன்னும் கொடுமையானது கொலராடோவில் நடந்தது. 2000 ஏப்ரலில், தத்தெடுக்கப்பட்ட பத்து வயதுச் சிறுமி ஒருத்திக்குத் 'தாயுடன் பிணைப்பு' உண்டாக்குகிறோம் என்று, மறுபிறப்பு நாடகம் போன்ற ஒன்றை நடத்தினார்கள். துணியில் சுற்றி, மேலே தலையணைகளை வைத்துப் பெரியவர்கள் அழுத்தினார்கள். மூச்சுவிட முடியவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர்கள் நிறுத்தவில்லை. அவள் இறந்தாள். சிகிச்சை நடத்திய இருவருக்கும் 16 ஆண்டுச் சிறை. அந்த முறைக்கே மாநிலம் மறு ஆண்டு தடை விதித்தது. குழந்தைக்கு நல்லது செய்கிறோம் என்று நம்பிய பெரியவர்களால் நிறைந்திருந்த அறை அது.

'நான் இருபது வருஷமா இந்தத் துறையில இருக்கேன்' என்று தொடங்குபவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 170 உளச்சிகிச்சையாளர்கள், அவர்களிடம் வந்த 6,591 பேர் என்று பல ஆண்டுத் தரவுகளை அலசி 2016இல் வந்த ஆய்வில், ஆண்டுகள் கூடக்கூடச் சிகிச்சையாளரின் சராசரிப் பலன் கூடவில்லை. மிகச் சிறிய அளவில் குறைந்தது. இன்னொரு ஆய்வில், தன் திறமைக்குத் தானே மதிப்பெண் போடச் சொன்னபோது 129 பேரில் ஒருவர்கூடத் தன்னைச் சராசரிக்குக் கீழே வைக்கவில்லை. செய்தது பலித்ததா என்று யாரும் திருப்பிச் சொல்லாத வேலையில் அனுபவம் தன்னம்பிக்கையைத்தான் வளர்க்கும்.

பயிலரங்குகளின் கதையும் இதுதான். உளவியலாளர் வில்லியம் மில்லரின் குழு 2004இல், போதை மீட்புத் துறையைச் சேர்ந்த 140 பேரை ஐந்து வகையாகப் பிரித்துப் பயிற்றுவித்துப் பார்த்தது. பயிலரங்கோடு நின்றவர்களைவிட, அதன்பின் தங்கள் அமர்வுகளைப் பதிவுசெய்து அனுப்பிக் குறை நிறை கேட்டவர்களிடமும் தொலைபேசிவழி வழிகாட்டல் பெற்றவர்களிடமும்தான் திறமை தங்கியது. பாட்டு வாத்தியார் மாணவனைப் பாடவிட்டுக் கேட்காமல் கீர்த்தனைப் பட்டியலைக் கொடுத்து அனுப்புவதில்லை. ஆற்றுப்படுத்துநருக்கு மட்டும் நாம் பட்டியல் போதும் என்கிறோம். டோசியரின் பயிற்சியாளர்களோ தங்கள் அமர்வின் ஐந்து நிமிட வீடியோத் துண்டை எடுத்து, எத்தனை முறை வாய் திறந்தோம், எத்தனை வாய்ப்பை நழுவவிட்டோம் என்று தாங்களே எண்ணிக் குறித்து, மேற்பார்வையாளரிடமும் காட்ட வேண்டும். தமிழ்நாட்டிலும் ஆற்றுப்படுத்துநர் பணிக்கு விளம்பரம் வருகிறது. தொகுப்பூதியம், ஒப்பந்த அடிப்படை. பட்டம், வயது, அனுபவம் எல்லாம் கேட்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்தபின் அவர் பேசுவதைக் கேட்டுத் திருத்தப்போவது யார் என்பது பற்றிப் பேச்சில்லை.

'அக்கா பிள்ளையைத் தங்கை வளர்ப்பது நம் ஊரில் புதிதா? இதற்கெல்லாம் வெள்ளைக்காரன் ஆராய்ச்சியா?' இந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. உறவினர் வீட்டில் வைக்கப்பட்ட குழந்தை அங்கிருந்து வெளியேற்றப்படும் வாய்ப்பு குறைவு என்று அமெரிக்க ஆய்வுகளும் சொல்கின்றன. தாத்தா பாட்டி, சித்தி, மாமா என்று முதலில் தேடுவதுதான் சரி. ஆனால் சான் டியேகோவில் ஆய்வாளர் பட்ரீசியா சாம்பர்லினின் குழு, உறவினர் வீடு, அயலார் வீடு இரண்டையும் சேர்த்தே பின்தொடர்ந்தது. சொல் கேளாமை, பொய், சண்டை, அடம் போன்ற சுமார் 30 நடத்தைகளைப் பட்டியலிட்டு, 'கடந்த 24 மணி நேரத்தில் இது நடந்ததா?' என்று வளர்ப்பவரிடம் தொலைபேசியில் கேட்டார்கள். நாளொன்றுக்கு ஆறு வரை வீடுகள் தாங்கின. ஆறுக்கு மேல் ஒவ்வொன்று கூடும்போதும் குழந்தை அந்த வீட்டைவிட்டு அனுப்பப்படும் அபாயம் 17 விழுக்காடு ஏறியது. சித்தியின் பொறுமைக்கும் எல்லை உண்டு. அந்த எல்லையைக் குழந்தையைத் திருப்பி அனுப்பும் நாளில் கண்டுபிடிப்பதைவிட, முன்பே ஒரு போனில் தெரிந்துகொள்ளலாம்.

கடைசியாக, 'இதற்கெல்லாம் நிபுணர்களுக்கு எங்கே போவது' என்ற கேள்வி. அதே சான் டியேகோவில் 700 வளர்ப்புக் குடும்பங்களை வைத்து நடந்த சோதனையில், வளர்ப்பவர்களுக்கான 16 வாரக் குழுப் பயிற்சிக் கூட்டங்களை நடத்தியவர்கள் பெரிய பட்டதாரிகள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள். ஒவ்வொரு கூட்டமும் வீடியோவில் பதிவாகி, வாராவாரம் அலசப்பட்டது. இந்தப் பணியாளர்களின் முதல் அணிக்கு அந்தப் பயிற்சி முறையை வகுத்தவர்களே பயிற்சி தந்தார்கள். இரண்டாம் அணிக்கு அவர்கள் வரவில்லை; முதல் அணியினரே பயிற்சி தந்தார்கள். இரண்டாம் அணியின் குடும்பங்களில் பலன் குறையவில்லை.