பார்த்த கூலி

விட்டுவிட்டு மிஸ்ஸிங் அடிக்கிற வண்டி, மெக்கானிக்கைக் கண்டதும் நல்ல பிள்ளையாகிவிடும். ஒகேனக்கல்லில் இருந்து மலையேறும்போது குலுங்கிக் குலுங்கி வந்த கார், பென்னாகரம் தாண்டி இண்டூர் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றதும் சத்தமில்லாமல் ஓடும். “ஒண்ணும் தெரியலையேண்ணா” என்பார் மெக்கானிக். “மேட்டுல இருந்துச்சே தம்பி” என்பார் ஓட்டி வந்தவர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. சிக்கலே அதுதான்.

தருமபுரி - பென்னாகரம் சாலையில் இருக்கும் எங்கள் ஊரில் சனி, ஞாயிறுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். அருவிக்கு இறங்கிப் போகும்போது கார் எந்தக் குறையையும் காட்டாது. ஆள் நிறைய, ஏசி ஓட, கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பி ஏறும்போதுதான் தன் சுயரூபத்தைக் காட்டும். பெட்ரோல் வண்டிகளைச் சொல்கிறேன். தொப்பூர் கணவாயில் மூச்சுவாங்கும் லாரிகளின் டீசல் கணக்கு வேறு.

முதலில் நாக்கிங்கையும் மிஸ்ஸிங்கையும் பிரித்துக்கொள்ள வேண்டும். பிளக் பொறி விட்டதும் தீ சிலிண்டருக்குள் சீராகப் பரவ வேண்டும். அது எட்டுவதற்குள், ஓரத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகப் பற்றிக்கொண்டால் அது நாக்கிங். உலோகத்தைத் தட்டுவது போலக் கேட்கும். விட்டுவைத்தால் பிஸ்டனை அரித்துவிடும். மிஸ்ஸிங் இதற்கு நேர் எதிர். எரிய வேண்டிய நேரத்தில் கலவை எரியாமலே போவது. மேட்டில் இரண்டுமே தலைகாட்டும் என்பதால்தான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

அம்பாசடர் காலத்து மெக்கானிக்குகள் நாக்கிங்கைக் காதாலேயே பிடித்தார்கள். டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் ஒரு துளி திருப்பி, பொறி விடும் டைமிங்கைப் பின்னுக்கு வைத்தால் சத்தம் அடங்கும். பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தால் நாக்கிங் வராது என்று 1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தார். அந்த ஈயம் ஊரார் மூச்சில் எல்லாம் கலந்தது. இந்தியாவில் 2000 பிப்ரவரியில்தான் அதை முழுதாக நிறுத்தினார்கள். இதற்கிடையில் 1978இல் அமெரிக்க ப்யூக் டர்போ கார்களில் நாக் சென்சார் வந்துவிட்டது. கேட்கும் வேலை மனிதக் காதில் இருந்து அதற்குக் கைமாறியது.

பார்ப்பதற்கு அது நடுவில் ஓட்டை உள்ள சின்ன வளையம். ஒற்றை போல்ட்டில் என்ஜின் பிளாக்கோடு இறுக்கியிருப்பார்கள். உள்ளே பீங்கான் வில்லை, அதன்மேல் ஒரு எடை. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880இல் பியர், ஜாக் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். இந்த வில்லைக்கும் அதே குணம். பிளாக் அதிரும்போது எடை வில்லையை அழுத்தும். வில்லை ஒரு சின்ன மின்னழுத்தத்தை, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசிஎம்முக்கு அனுப்பும்.

ஓடுகிற என்ஜினில் அதிராத இடம் ஏது? அத்தனை சத்தத்திலும் நாக்கிங்கைத் தனியாகப் பிரிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சுருதி. சொம்பைத் தட்டினால் கணீரென்கிறது, அண்டாவைத் தட்டினால் தொம்மென்கிறது. சிலிண்டரும் அப்படித்தான். அகலமான சிலிண்டரில் நாக்கிங் நொடிக்கு 6,000 அதிர்வு அளவில் ஒலிக்கும். நம் சின்னக் கார்களில் அது 7,000, 8,000 பக்கம் போகும். இன்னொன்று நேரம். பொறி விட்டு, பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கும் அந்தச் சிறு இடைவெளியில் மட்டும்தான் ஈசிஎம் கேட்கும். அந்த நேரத்தில், அந்தச் சுருதியில், வழக்கத்தை மீறிய சத்தம் வந்தால் பொறியைச் சில டிகிரி பின்னுக்குத் தள்ளும். சத்தம் அடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குக் கொண்டுவரும்.

இத்தனையும் நடக்கும்போது ஓட்டுபவருக்குத் தெரிவது, இழுவை குறைகிறது என்பது மட்டுமே. சென்சாரே செத்துப்போனாலும் ஈசிஎம் பத்திரமாக டைமிங்கைப் பின்னுக்கு வைத்துக்கொண்டு ஓட்டும். பிக்கப் போகும், மைலேஜ் போகும். ஆனால் ஒரு சிலிண்டர் விட்டதுபோல வண்டி வெட்டி வெட்டிக் குலுங்காது. குலுங்கினால் சந்தேகப்பட வேண்டியது வேறு ஆட்களை.

மிஸ்ஸிங்கை ஈசிஎம் கண்டுபிடிப்பது சத்தத்தை வைத்து அல்ல, வேகத்தை வைத்து. 3,000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 25 முறை எரிய வேண்டும். ஒருமுறை தவறினாலும் கிராங்க் நூலிழை தயங்கும். கிராங்க் சென்சார் பல் சக்கரத்தை எண்ணி அந்தத் தயக்கத்தைப் பிடித்துவிடும். ஸ்கேனரில் பி0302 என்று பிழைக் கோடு வந்தால் இரண்டாவது சிலிண்டர். பி0300 என்றால் எந்த சிலிண்டர் என்று உறுதியாகச் சொல்ல முடியாத பொதுப் புகார். ஆனால் குழியில் டயர் துள்ளும்போதும் கிராங்க் இதே மாதிரி தயங்கும். அதனால் மோசமான ரோடு என்று உணர்ந்தால், பல வண்டிகளில் ஈசிஎம் இந்தக் கணக்கெடுப்பையே கொஞ்ச நேரம் நிறுத்திவிடும். ஸ்கேனரில் கோடு இல்லை என்பதால் குறையும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மேட்டில் மட்டும் ஏன் அடிக்கிறது? ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் சிலிண்டரில் காற்று நெருக்கமாக அடைபடும். அதைத் தாண்டிப் பொறி பாய வோல்ட் அதிகம் வேண்டும். இடைவெளி அகன்ற பிளக், விரிசல் விட்ட பிளக் பீங்கான், பிளக்குக்கு வோல்ட் தரும் காயில் பலம் குறைந்தது எல்லாம் சமதரையில் சமாளித்துவிடும். மேட்டில் கையை விரித்துவிடும். சூட்டில் தொடர்பு விட்டு, ஆறியதும் சேர்ந்துகொள்ளும் காயில்களும் உண்டு. வாசலில் நிற்கும் வண்டியை எத்தனை நேரம் பார்த்தாலும் இவை அகப்படாது.

சேலத்தில் இருந்து வந்த என் உறவினரின் காரும் இந்த ரகம். வேறு ஊரில் பிளக்கும் நாக் சென்சாரும் மாற்றியாகிவிட்டது. மிஸ்ஸிங் மட்டும் போகவில்லை. எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் பானெட்டைத் திறப்பதற்கு முன் கேள்விகளைத்தான் கேட்டார். “எந்த கியர்ல அடிக்குதுண்ணா? சூடானப்புறமா, எடுத்த உடனேவா? ஏசி போட்டிருந்தீங்களா?” ஸ்கேனரில் இரண்டாவது சிலிண்டரின் கோடு. அது பதிவான நேரத்து வேகம், லோடு, சூடு எல்லாம் கூடவே இருந்தன. இரண்டாவது காயிலை மூன்றாவதில் மாற்றி மாட்டி, அதே லோடில் மேட்டில் ஓட்டினார். கோடு காயிலோடு நகரவில்லை. காயில் குற்றவாளி இல்லை. பிளக்கையும் அதேபோல் மாற்றினார். அப்போதும் கோடு இரண்டிலேயே நின்றது. பிறகு என்ஜினை ஓடவிட்டு ஒயரிங்கை ஒவ்வொரு இடமாக அசைத்துக்கொண்டே வந்தார். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் கப்ளருக்குக் கொஞ்சம் முன்னால் அசைத்ததும் என்ஜின் தடுமாறியது. எலி கடித்த ஒயர். லோடில் என்ஜின் ஒரு பக்கம் சாயும்போது மட்டும் தொடர்பு விட்டிருக்கிறது.

அரை நாள் வேலை. பில்லில் பொருள் என்று பார்த்தால் ஒரு சாண் ஒயரும் டேப்பும். “ஒயருக்கு எழுநூறு ரூபாயா தம்பி?” என்றார் உறவினர். “ஒயருக்கு இல்லீங்கண்ணா, பார்த்ததுக்கு” என்றார் அவர். தேவையில்லாமல் மாட்டிய நாக் சென்சாருக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தபோது உறவினர் வாய் திறக்கவில்லை. புதுப் பெட்டி, கையில் பில், கண்ணால் பார்க்க ஒரு பொருள். அதனால் அந்தக் காசு அவருக்கு வலிக்கவில்லை.

நாம் பொருளுக்கு மட்டும்தான் காசு கொடுப்போம் என்றால் மெக்கானிக்கும் பொருளைத்தான் மாற்றுவார். யோசித்த நேரத்துக்குக் கூலி கிடையாது, பாகத்தில் மட்டும்தான் லாபம் என்ற ஏற்பாட்டை நாமே செய்து வைத்திருக்கிறோம். அப்புறம் ‘சும்மா சும்மா மாத்துறான்’ என்று திட்டுகிறோம்.

வண்டிக்காரர் செய்யக்கூடியதும் உண்டு. எந்த மேட்டில், எந்த கியரில், சூடாகவா ஆறியா என்று குறித்துவையுங்கள். செக் என்ஜின் லைட் அணைவதற்காக பேட்டரி டெர்மினலைக் கழற்றாதீர்கள். பதிவான தடயம் அழிந்துபோகும். அந்த லைட் மினுக்கினால் மிதிப்பதைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால், அதன் விலை மற்ற எல்லாச் செலவையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

பில்லில் ‘செக்கிங்’ என்று தனியாக ஒரு வரி இருந்தால் அதில் பேரம் பேச வேண்டாம். பேசித்தான் ஆக வேண்டுமென்றால் அடுத்த வரியில் பேசுங்கள்: “இந்தப் பாகத்தை ஏன் மாத்தினீங்க?” காரணம் சொல்லத் தெரிந்தவருக்கு இரண்டு காசையும் கொடுக்கலாம்.