புகை எங்கே போகிறது?

மாலைப்பொழுதில் நல்லூரின் ஒழுங்கைகளில் நடப்போர் காணும் காட்சிதான் இது. வேலியோரத்தில் சருகோடு பொலித்தீன் பைகளும் பிளாஸ்ரிக் போத்தல்களும் எரிகின்றன. புகை வேம்பின் உச்சியைக் கடந்து கண்ணுக்கு மறைகிறது. குப்பை ஒழிந்ததென்று நாம் படலையைச் சாத்துகிறோம். ஒழிந்ததா?

ஒழியவில்லை என்கிறது விஞ்ஞானம். குளோரீன் அடங்கிய பொருள்கள் இவ்வாறு அரைகுறையாக எரியும்போது டயொக்சின் என்னும் நஞ்சு பிறக்கிறது. அது நீரில் கரைவது அரிது, கொழுப்பிலும் மெழுகிலும் எளிதில் சேரும், சிதைய நெடுங்காலமாகும். காற்றேறிய நஞ்சை ஏந்திக்கொள்வதில் காட்டுக்கு நிகரில்லை. இலைகளின் மேலுள்ள மெழுகுப்படை அதனை ஈர்த்துக்கொள்கிறது. இலை உதிர, நஞ்சும் உடனிறங்கி மக்கிய மண்ணில் தங்கிவிடுகிறது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் குடாநாட்டுப் புகை செல்லும் திசையில் நிற்பவை பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த வன்னிக் காடுகளே.

"காடு காற்றைத் தூய்மையாக்கினால் நல்லதுதானே?" என்பாரும் உளர். காடு நஞ்சை அழிப்பதில்லை, சேமித்து வைக்கிறது. காடு கொளுத்தப்படும் நாளில் அச்சேமிப்பின் ஒரு பங்கு மீண்டும் காற்றேறும். எஞ்சியது மண்புழுவிலும், அதைத் தின்னும் பறவையிலும் படிப்படியாகப் பெருகும். ஊரிலும் இதே கணக்குத்தான். புல்லில் படிந்தது பசுப்பாலில். மண்ணில் படிந்தது கோழிமுட்டையில். இரண்டும் சேர்ந்து ஈற்றில் தாய்ப்பாலில்! மனித உடலிற் புகுந்த டயொக்சின் பாதியாகக் குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் செல்லும்.

நாம் இரசாயனத்தின் பகைவர் அல்லர். 1946இல் ஏறக்குறைய 28 இலட்சம் பேரை வாட்டிய மலேரியாவை, 1963இல் வெறும் 17 பேராகக் குறைத்ததில் டி.டி.ரீ.க்குப் பெரும் பங்குண்டு. அதுவும் சிதையாத நஞ்சே. ஆயினும் உயிர் காத்தது. அதனாலேயே நோய்க்கிருமி பரப்பும் பூச்சிகளை ஒழிக்க அதற்கு இன்றும் விலக்குண்டு. குப்பைப் புகை காத்த உயிர் எது?

சட்டத்துக்கும் குறைவில்லை. 2001ஆம் ஆண்டின் ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கை, திறந்தவெளியிற் குப்பை எரிப்பதை டயொக்சின் பிறக்கும் வழிகளுள் ஒன்றெனப் பெயர்குறித்தே சொல்கிறது. 2005இல் இலங்கை அதனை ஏற்றது. 2017 செப்டெம்பரில் வர்த்தமானி மூலம் குப்பை எரிப்பு தடைசெய்யப்பட்டது. தாளில் தடை இருக்கிறது. வேலியோரத்தில் தீயும் இருக்கிறது!

குப்பை வண்டி எட்டிப்பாராத ஒழுங்கையில் வாழும் ஏழைத் தாய்க்குத் தண்டம் விதித்தால் இத்தீ அணைந்துவிடுமா? அந்தப் பையை அவள் செய்யவில்லை. அதனால் இலாபமும் பெறவில்லை. செய்து விற்பவனே அதை மீளப்பெறும் செலவையும் ஏற்கட்டும். உள்ளூராட்சி மன்றங்கள் ஒவ்வோர் ஒழுங்கைக்கும் வண்டி அனுப்பட்டும். சருகு தோட்டத்துக்கு எருவாகட்டும்.

தீப்பெட்டியைக் கீழே வைப்பது நம் கடமை. தீ தேவைப்படாத ஏற்பாட்டைப் போராடிப் பெறுவது நம் உரிமை. இரண்டில் ஒன்றைத் தட்டிக்கழித்தாலும், நம் பிள்ளைகள் உண்ணப்போகும் பாலைப்பழத்தின் மரத்தடியில் நஞ்சைச் சேர்த்து வைத்தவர்கள் நாமே ஆவோம்.